மாடி பார்க்கவில்லை

அக்டோபர் 3, வெள்ளி

செம்புக் கம்பிக் கம்பெனி கொடுத்த போன வருடத்து டைரி இது. ஒரு வரிகூட எழுதாமல் கிடந்தது. கிழமை ஒருநாள் பிந்தி அச்சாகியிருக்கிறது, அடித்துத் திருத்திக்கொள்கிறேன். மோட்டாருக்குக் காயில் கம்பி கட்டுகிறவனுக்கு டைரி எதற்கு என்று உலகம்மாள் கேட்டாள். கொசுவுக்கு என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

விஷயம் இதுதான். மகள் மதிவதனிக்கு ஏழாம் மாதம். வரும் புதன்கிழமை அம்பத்தூரில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் பிள்ளையை நாங்கள் இங்கே தென்காசிக்கு அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது ஊர் உலகத்துக்கே தெரிந்தது. ஆனால் இன்று சம்பந்தியம்மா போன் செய்தார்.

"அண்ணாச்சி, உங்க தெருவில ரெண்டு பேருக்கு டெங்குன்னு கேள்விப்பட்டேன்."

"அது கீழக்கடைசிம்மா. நம்ம வீடு மேலக்கடைசி."

"கொசுவுக்குக் கிழக்கு மேக்கு தெரியுமா? பிள்ளை இங்கேயே இருக்கட்டும்னு பாக்கேன். நாங்க நாலாவது மாடி. கொசு ஏறாது."

அவர்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. சம்பந்தியம்மா திலகவதி தந்தி ஆபீசில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். எதிரில் பேசுகிறவர்களுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

"புதன்கிழமைக்குள்ள வீட்ல கொசு இல்லாம ஆக்கிட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

"ஆக்குங்க" என்று வைத்துவிட்டார்.

அக்டோபர் 4, சனி

பொறி எண் ஒன்று. பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்த சின்ன ஃபேன், முன்னால் நீல பல்பு, பின்னால் வலைப்பை. வெளிச்சத்துக்கு வருகிற கொசுவை ஃபேன் இழுத்துப் பைக்குள் தள்ளும். காலையில் போட்டு ராத்திரி பத்து மணிவரை ஓடவிட்டேன். பிடிபட்டவை: ஈசல் நாற்பதுக்கு மேல், அந்துப்பூச்சி 7, பல்லிக் குட்டி 1. கொசு 0. பல்லி உயிரோடு இருந்தது, விட்டுவிட்டேன்.

டெங்குக் கொசு பகலில்தானே கடிக்கும், அது எதற்கு விளக்கைத் தேடி வரப்போகிறது என்று உலகம்மாள் கேட்டாள். இதைக் காலையிலேயே கேட்டிருக்கலாம்.

அக்டோபர் 5, ஞாயிறு

பொறி எண் இரண்டு. மனிதனின் கால் வாடைக்குக் கொசு வருமாம். பல்புக்குப் பதில் காலுறை. நான் செருப்புப் போடுகிறவன், என்னிடம் காலுறை கிடையாது. மாப்பிள்ளை ராஜவேல் ஆடிக்கு வந்தபோது ஒரு ஜோடி விட்டுப் போயிருந்தார். உலகம்மாள் அதைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். துவைத்ததால் பயனில்லாமல் போயிற்று. நானே போட்டுக்கொண்டு மத்தியானம்வரை கடையில் வேலை பார்த்தேன்.

கொசு 2.

சாயங்காலம் மாப்பிள்ளை வீடியோவில் பேசினார். எனக்குப் பின்னால் அவருடைய காலுறை தொங்கி ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பையன்.

அக்டோபர் 6, திங்கள்

ஒரு வெள்ளைக்காரர் பதினெட்டு நிமிட வீடியோ போட்டிருக்கிறார். கடிப்பது பெண் கொசு மட்டும்தான். கடித்த பிறகு அது முட்டையிட இடம் தேடும். கறுப்பு நிறம், நிழல், அழுகிய புல்லின் வாடை அடிக்கும் தண்ணீர், இந்த மூன்றும் இருந்தால் வந்துவிடும். ஆகவே பெயிண்ட் வாளிக்கு உள்ளும் புறமும் கறுப்பு அடித்து, அரை வாளி தண்ணீரில் ஒரு பிடி வைக்கோல் போட்டு, உள்பக்கச் சுவரில் எலிப் பசை தடவிய அட்டையைச் சுற்றி வைக்க வேண்டும். முட்டையிட வருவது சுவரில் உட்காரும். உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும்.

பதினைந்தாவது நிமிடத்தில் செய்முறை முழுக்கப் புரிந்துவிட்டது. மிச்சம் மூன்று நிமிடம் அவர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

"பிள்ளை பெற எடம் தேடி வாரவளையா பிடிக்கப் போறிய?" என்றாள் உலகம்மாள்.

கையில் பசை ஒட்டியிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. ஐந்து வாளி. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், நிழலில் வைத்தாயிற்று.

அக்டோபர் 9, வியாழன்

வதனி வந்துவிட்டாள். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். வீட்டுக்குள் எங்கே நடந்தாலும் அந்தச் சத்தத்தில் தெரிகிறது.

நேற்று வளைகாப்பில் சம்பந்தியம்மாவிடம் பொறியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒட்டியிருந்த கொசுக்களை எண்ணினார். "ஆறு" என்றார். பிறகு, "சரி, கூட்டிட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. பிள்ளைக்கு ஒருநாள் காய்ச்சல்னாலும் நான் வந்து கூட்டிட்டு வந்திருவேன். பிரசவம் இங்கதான். அப்புறம் வழக்கம் அது இதுன்னு பேசப்படாது" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். உலகம்மாள் ரயிலில் வரும்போது விருதுநகர்வரை என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வெள்ளிக்கிழமைதோறும் நகராட்சியிலிருந்து இசக்கியம்மாள் வருவாள். வீடு வீடாகத் தொட்டி, டிரம், பூந்தொட்டி பார்த்துக் கொசுப்புழு இருந்தால் கொட்டிவிடுவது அவள் வேலை. கதவுக்குப் பின்னால் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. பார்த்ததும் அதில் தேதி போட்டு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

போன வருடம் மோட்டார் சோதிக்கக் கடைக்குப் பின்னால் தொட்டியில் தண்ணீர் வைத்திருந்தேன். என்னைக் கேட்காமல் கவிழ்த்துவிட்டுப் போனாள். இப்போது வாளிகளைப் பார்த்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வந்தாள். கீழே எல்லாம் பார்த்தாள். சாவி கடையில் இருக்கிறது என்றேன். அட்டையில் எழுதிவிட்டுப் போனாள்: "மாடி பார்க்கவில்லை."

அக்டோபர் 14, செவ்வாய்

கொசு 11. தண்ணீர் நாறுகிறது, கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் என்ன என்று உலகம்மாள் கேட்டாள். தோசை மாவு மாதிரிதான் இது, புளிக்கப் புளிக்கத்தான் வாடை வரும் என்று விளக்கினேன். எண்ணிக்கை ஏறிக்கொண்டு போகிறது. நன்றாக ஓடுகிற மோட்டாரை நான் பிரித்துப் பார்ப்பதில்லை. முப்பது வருடப் பழக்கம். வற்றினால் மேலே கொஞ்சம் ஊற்றுகிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 17, வெள்ளி

கொசு 19.

வதனி காற்றுக்காக மாடிக்கு வந்தாள். வாளிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யப்பா, உள்ள என்னமோ நெளியுது."

"தாய்க்கொசு வந்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். பொறி வேலை செய்யுதுல்லா, அதுக்கு அதான் சாட்சி."

தலையாட்டினாள். கறுப்பு ஏன், வைக்கோல் ஏன், பசை ஏன் என்று படம் போட்டு அரைமணி நேரம் விளக்கினேன். முழுவதையும் கேட்டாள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் சொன்னதை இவள் இவ்வளவு நேரம் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இசக்கியம்மாள் வந்தாள். மாடி பார்க்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

மாப்பிள்ளை வந்துவிட்டுப் போனார். போகும்போது காலுறையை ஞாபகமாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். கொசு 34.

அக்டோபர் 22, புதன்

வீட்டுக்குள்ளும் கொசு கூடியிருக்கிறது. வதனியின் கணுக்காலில் ஐந்தாறு தடிப்பு. உலகம்மாள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "பொறி வச்ச பெறவுதான கூடியிருக்கு" என்றாள்.

"அது பொறிக்கு வருத கூட்டம். போற வழியில நம்ம வீடு" என்றேன்.

ஆனால் எங்கிருந்து வருகின்றன என்று யோசிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பூல்பாண்டி பஞ்சர் ஒட்டுகிறவன். அவன் வாசலில் இருபது பழைய டயர் கிடக்கிறது. மழைத்தண்ணீர் டயருக்குள் தேங்கும், அதில் கொசு பெருகும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நகராட்சிக்கு எழுதிப் புகார் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

இசக்கியம்மாள் பூல்பாண்டியின் இருபது டயரையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். அத்தனையிலும் அவன் துளை போட்டு வைத்திருந்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பூல்பாண்டி என்னைப் பார்த்தான். நான் மேகத்தைப் பார்த்தேன்.

பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"இந்தத் தெருவில நான் பாக்காதது உங்க மாடி ஒண்ணுதான் அண்ணாச்சி."

"சாவி கடையில இருக்கும்மா."

"கடை எதுத்தாப்லதான இருக்கு."

"பூட்டியிருக்கு."

"கடைச் சாவி?"

"வீட்ல."

என் சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

கொசு 58. அட்டையில் பசை தெரியாத அளவுக்கு ஒட்டியிருக்கின்றன. படம் எடுத்துச் சம்பந்தியம்மாவுக்கு அனுப்பினேன். "நன்று" என்று பதில் வந்தது. அவரிடமிருந்து இது பெரிய பாராட்டு. இன்னும் இரண்டு வாளிக்குக் கறுப்பு அடித்தேன். ஆக மொத்தம் ஏழு.

அக்டோபர் 31, வெள்ளி

மாடி பார்க்கவில்லை.

நவம்பர் 1, சனி

வதனிக்கு உடம்பு சூடாக இருக்கிறது. வெயிலாக இருக்கும். இன்று வெயில் இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

காய்ச்சல் 102. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறாள். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். வளையல்களைக் கழற்றச் சொன்னார்கள். ஊசி போடுகிற கையில் மட்டும் கழற்றினாள்.

நவம்பர் 3, திங்கள்

டெங்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ரத்தத் தட்டணு எண்பதாயிரம். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். ஸ்கேன் எடுத்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு சரியாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"வீட்ல எங்கயாவது தண்ணி தேங்குதா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று தெரியவில்லை.

சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். "புறப்படுகிறேன்" என்றார்.

நவம்பர் 4, செவ்வாய்

மாற்றுத்துணி எடுக்கக் காலையில் வீட்டுக்கு வந்தேன். வந்தது வந்தோம், எண்ணிவிட்டுப் போகலாம் என்று மாடிக்குப் போனேன். 71.

குனிந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது தண்ணீருக்கு மேலே ஒன்று அசைந்தது. காற்புள்ளி மாதிரி சுருண்ட சின்ன உருவம். முதுகு வெடித்து உள்ளேயிருந்து ஒரு கொசு எழுந்து வந்தது. கழற்றிய தோலின் மேலேயே நின்றது. காலில் வெள்ளை வளையம் வளையமாக இருந்தது, டெங்குக் கொசுவின் அடையாளம். இறக்கை காய்கிறவரை நின்றது. பத்து நிமிடம் இருக்கும், நானும் நின்றேன்.

பிறகு பறந்தது. அட்டையில் ஒட்டவில்லை. அதற்கு முட்டையிடுகிற வேலை இன்னும் வரவில்லையே, சுவரில் எதற்கு உட்கார வேண்டும்? படிக்கட்டு வழியாகக் கீழே, வீட்டுக்குள் போயிற்று.

அந்த வாளியில் அப்படிக் காலித் தோல்கள் மிதந்தன. முப்பதுவரை எண்ணி நிறுத்திவிட்டேன். ஏழு வாளி.

அங்கேயே உட்கார்ந்து அந்த வீடியோவின் கடைசி மூன்று நிமிடத்தைப் பார்த்தேன். வாரம் ஒருமுறை தண்ணீரைத் தவறாமல் கொட்ட வேண்டும், சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லையென்றால் இது பொறி அல்ல, பண்ணை என்கிறார். விரலை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார்.

ஏழையும் காய்ந்த தளத்தில் கொட்டினேன். தேங்காய் நாரால் தேய்த்துக் கவிழ்த்தேன். பசை கையோடு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் போட்டும் முழுக்கப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் வதனியின் நெற்றியைத் தொடும்போது விரல் ஒட்டியது.

நவம்பர் 5, புதன்

தட்டணு நாற்பத்தெட்டாயிரம்.

நவம்பர் 6, வியாழன்

நாற்பத்தோராயிரம். சம்பந்தியம்மா நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டார். நேரே ஆஸ்பத்திரி. மத்தியானம் குளிக்க எங்கள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து என்னிடம் ஏழெட்டு வார்த்தை பேசியிருப்பார். அதில் இரண்டு "சாப்பிட்டீங்களா", "சாப்பிடுங்க".

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த டைரியில் வேறு எங்கும் அதை எழுதவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. ஐம்பத்தாறாயிரம். இனி ஏறும் என்றார் டாக்டரம்மா. குழந்தை நன்றாக அசைகிறது.

வீட்டுக்கு வந்தபோது இசக்கியம்மாள் வாசலில் நின்றாள். சாவியை அவள் கையில் கொடுத்தேன். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"எப்பக் கவுத்தீய?"

"செவ்வாக்கிழம."

அதற்கு முன்னால் என்ன என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அட்டையில் எழுதினாள்: "மாடி பார்த்தது. வாளி 7. காலி." பூல்பாண்டி அவன் வாசலில் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். போய், புகார் எழுதியது தப்பு என்றேன். "பிள்ளை எப்படி இருக்கு?" என்றான்.

சாயங்காலம் வதனியும் நானும் மட்டும் இருந்தோம். சொல்லிவிட்டேன். கொசு எங்கிருந்தும் வரவில்லை, நான்தான் வளர்த்தேன் என்றேன்.

மிச்சமிருந்த கையின் வளையலை மேலே தள்ளிக்கொண்டாள். பிறகு, "நெளிஞ்சப்ப நான் பாத்தேம்ப்பா. கொட்டச் சொல்லணும்னு நினைச்சேன். ஆனா நீங்க அவ்வளவு வெவரமாச் சொன்னதும், அது டிசைன்ல உள்ளதுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

வெளியே வராந்தாவுக்கு வந்து தூணோரம் நின்று அழுதேன். ஒரு நர்ஸ் வந்து பில் கட்டுகிற இடம் கீழே இருக்கிறது என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. வதனி உள்ளே கொசுவலைக்குள் படுத்திருக்கிறாள். நான், உலகம்மாள், சம்பந்தியம்மா மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். நானே பேச்சை எடுத்தேன்.

"பிரசவம் அம்பத்தூர்லயே இருக்கட்டும்மா. நீங்க கூட்டிட்டுப் போங்க."

உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சம்பந்தியம்மா காப்பியைக் கீழே வைத்தார்.

"ஏன்? காய்ச்சல் எங்க இருந்தாலும் வரத்தான் செய்யும். நீங்களும் உங்களால முடிஞ்சதைச் செஞ்சிருக்கீங்க."

சரி என்று பேசாமல் இருந்திருக்கலாம். தப்பிக்கிற வார்த்தையை அவரே கொடுத்துவிட்டார். பிள்ளை எங்களிடமே இருந்திருப்பாள். முழுசாக அரை நிமிடம் அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தேன்.

"எங்க இருந்தோ வரல. நான் மாடியில வச்ச வாளியில்தான் வளந்துச்சு. ஒரு மாசமாத் தண்ணியக் கொட்டல. பாக்க வந்த இசக்கியம்மாளையும் மாடிக்கு விடல. டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன்."

கூடத்து ஃபேன் கடகடத்தது. நான் காயில் கட்டிய ஃபேன்தான். பேரிங் போட வேண்டும்.

"தெரியும்" என்றார் சம்பந்தியம்மா.

"எப்படி?"

"வந்த அன்னைக்கே கதவுக்குப் பின்னால அட்டையைப் படிச்சேன். நாலு வாரம் ஒரே வரி. முப்பத்தஞ்சு வருஷம் தந்தி படிச்சவ நான். அவ்வளவு போதும் எனக்கு."

"பெறகு ஏம்மா..."

"நீங்க சொல்லுதீங்களான்னு பாத்தேன்."

கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். நாளைய ரயிலுக்கு இரண்டு டிக்கெட். ஒன்று அவருக்கு. ஒன்று வதனிக்கு.

"சொல்லாம இருந்தா இதுல பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருப்பேன். இனி இந்த வீட்ல அவ இருக்கலாம். ரத்து பண்ணிருங்க."

"ஒண்ணையா?"

"ரெண்டையும்."

உலகம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். இன்னொரு ஆளுக்குச் சேர்த்து அரிசி அளக்கிற சத்தம் கேட்டது.

நவம்பர் 14, வெள்ளி

இசக்கியம்மாள் வந்தாள். மாடிச் சாவி இப்போது சம்பந்தியம்மாவின் இடுப்பில் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அட்டையில் இசக்கியம்மாளின் கையெழுத்துக்குக் கீழே சம்பந்தியம்மாவும் ஒரு கையெழுத்துப் போட்டார். அதற்கு இடமே கிடையாது, ஓரத்தில் போட்டார்.

கறுப்பு வாளி ஏழையும் பூல்பாண்டி வாங்கிக்கொண்டான். அடியில் துளை போட்டுத்தான் எடுத்துப் போனான்.

கடையைக் காலையில் மட்டும் திறக்கிறேன். மிச்ச நேரம் வதனியின் கட்டிலுக்குப் பக்கத்தில், சட்டையைக் கழற்றிவிட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் வலைக்குள் தூங்குகிறாள். இந்த அறைக்கு எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் வர வேண்டும்.

மூன்று மணிக்கு ஒன்று வந்தது. முழங்காலில் உட்காரவிட்டு அடித்தேன். வளையல் சத்தம் கேட்கவில்லை, அவள் விழிக்கவில்லை.

கொசு 1.